புத்தகப் பை இல்லாத வாரம்: குழந்தை காண வேண்டியது தொழிலையா, தொழிலாளியையா?

ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான நடுநிலைப் பருவத்தில் ஒவ்வொரு மாணவரும் பத்து நாட்களைப் புத்தகப் பை இல்லாமல் கழிக்க வேண்டும் என்கிறது தேசியக் கல்விக் கொள்கை 2020. அந்நாட்களில் தச்சர், தோட்டக்காரர், குயவர், கலைஞர் முதலானோரிடம் சென்று மாணவர்கள் தொழில் பழக வேண்டும். இதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2024 ஜூலையில் வெளியிட்டது.

பிள்ளைகளின் தோளிலிருந்து பை இறங்குவதை எந்தப் பெற்றோரும் எதிர்க்க மாட்டார்கள். நான்கு சுவர்களுக்கு வெளியே கற்பதற்கு ஏராளம் உண்டு என்பதிலும் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. செயல்பாடு, கண்டறிதல், தேடல் ஆகியவற்றின் வழியாகவே கற்றல் நிகழ வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் 29ஆம் பிரிவில் கூறுகிறது. ஆனால் வெளியே அழைத்துச் செல்லப்படும் குழந்தைக்கு எது காட்டப்படுகிறது, எது மறைக்கப்படுகிறது என்று நாம் கேட்டாக வேண்டும். தச்சரின் உளியைக் காட்டிவிட்டு அவருடைய கூலியைப் பேசாமல் திரும்பி வந்தால் அது வேடிக்கை பார்த்தலே ஆகும். உழைப்பை அதன் அறிவோடும் உரிமையோடும் சேர்த்துக் கற்பித்தால் மட்டுமே அந்த வாரம் கல்வியாகும்.

ஆயிரம் மணி நேரத்தில் ஒரு துளி

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாட்களும் 1,000 கற்பித்தல் மணி நேரமும் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை வரையறுத்துள்ளது. நாளொன்றுக்குச் சுமார் நாலரை மணி நேரம். மூன்று ஆண்டுகளுக்கு 3,000 மணி நேரம். இதில் பையில்லாத பத்து நாட்கள் என்பவை ஏறத்தாழ 45 மணி நேரம். அதாவது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. மீதி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டரைப் பங்கு நேரமும் மனப்பாடத்துக்கும் தேர்வுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும்போது, இந்த ஒன்றரைப் பங்கைக் கொண்டு கல்வியே மகிழ்ச்சியாகிவிட்டது என்று விளம்பரம் செய்வது பொருந்தாது.

அதே அட்டவணை இன்னொன்றையும் சொல்கிறது. நடுநிலை வகுப்புகளில் 35 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும். நூறு மாணவர்களுக்கு மேற்பட்ட பள்ளியில் முழுநேரத் தலைமையாசிரியரும், கலைக் கல்வி, உடல்நலமும் உடற்கல்வியும், தொழிற்கல்வி ஆகிய மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்களும் இருக்க வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று. அன்றிலிருந்தே ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் தொழிற்கல்விப் பயிற்றுநர் ஒருவர் நிரந்தரமாகப் பணியாற்றியிருந்தால், மண்ணும் மரமும் துணியும் வாரந்தோறும் வகுப்பறைக்குள் வந்திருக்கும். சட்டம் அளித்த பயிற்றுநரை நியமிப்பதற்குப் பதிலாக, ஊர்த் தச்சரிடம் பிள்ளைகளைப் பத்து நாள் அனுப்பி வைப்பது மலிவான வழி. அந்தத் தச்சருக்கு வேலை நின்றுபோன நாட்களுக்கு யார் கூலி கொடுப்பது என்பதும் பேசப்படுவதில்லை.

கிழக்கேகோட்டையில் ஐந்து நாட்கள்

எதிர்ப்பைச் சொல்வதோடு நிற்பது இடதுசாரிகளின் வழக்கமன்று. ஆகவே ஒரு மாற்று வாரத்தை இங்கே எண்ணிப் பார்ப்போம். இடம், திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டை. பேருந்து நிலையம், சாலைச் சந்தை, ஓடை, கோட்டை வாயில், கோயில் குளம், காந்தி பூங்கா, புத்தரிக்கண்டம் மைதானம் யாவும் நடந்தே செல்லும் தொலைவில் உள்ளன. தமிழ் பேசும் வணிகர்களும் தொழிலாளர்களும் தலைமுறைகளாக வாழும் பகுதி இது. கேரளத்தில் உயர்தொடக்கப் பிரிவு என்பது ஐந்து முதல் ஏழு வரை. இங்குள்ள ஓர் அரசுப் பள்ளியின் ஏழாம் வகுப்புக்கான வாரம் என்று வைத்துக்கொள்வோம்.

திங்கட்கிழமை சாலைச் சந்தை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் நிறுவிய கடைவீதி இது என்று வரலாற்றுப் பாடத்தைத் தொடங்கலாம். அதன்பின் கணக்கு. ஒரு லாரியில் 50 கிலோ எடையுள்ள 200 மூட்டை அரிசி வந்து நிற்கிறது. ஐந்து சுமைப்பணித் தொழிலாளர்கள் இறக்குகிறார்கள். கிடங்கு 20 மீட்டர் தொலைவில் உள்ளது. ஒருவர் எத்தனை கிலோ சுமக்கிறார்? எவ்வளவு தூரம் நடக்கிறார்? விடை, ஒருவருக்கு 40 மூட்டை, அதாவது 2,000 கிலோ. சுமையோடு 800 மீட்டர், வெறுங்கையோடு திரும்பி வர இன்னொரு 800 மீட்டர். வளர்ந்த ஆண் தொழிலாளி ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்ததை அந்த இடத்தில் ஆசிரியர் சொன்னால், பெருக்கல் வாய்ப்பாடு உடலோடு ஒட்டிக்கொள்ளும். கேரளத்தில் 1978இல் சுமைப்பணித் தொழிலாளர் சட்டம் வந்ததும், அதற்குப் பின்னால் இருந்த தொழிற்சங்கப் போராட்டமும் குடிமையியல் பாடமாகும். அந்த வகுப்பில் சுமைப்பணித் தொழிலாளியின் பிள்ளையும் இருக்கக்கூடும். அன்று அந்தப் பிள்ளைக்குத்தான் எல்லாரையும்விட அதிகம் தெரிந்திருக்கும். வீட்டில் தமிழ் பேசும் குழந்தை, கடைக்காரரின் பேச்சை வகுப்புக்கு மலையாளத்தில் எடுத்துச் சொல்லும். தாய்மொழி குறையாக அல்லாமல் ஆற்றலாக வெளிப்படும் நாளாக அது அமையும்.

செவ்வாய்க்கிழமை பேருந்து நிலையம். திருவிதாங்கூர் அரசின் பேருந்துச் சேவை 1938 பிப்ரவரி 20 அன்று தொடங்கியது. பொதுப் போக்குவரத்து என்றால் என்ன, அதை அரசு ஏன் நடத்துகிறது, இழப்பு ஏற்பட்டாலும் தொலைதூரக் கிராமத்துக்குப் பேருந்து ஏன் ஓட வேண்டும் என்ற கேள்விகளை ஓட்டுநரிடமும் நடத்துநரிடமும் குழந்தைகள் கேட்கட்டும். பணி நேரம் எத்தனை மணி, ஊதியம் மாதத்தில் எந்தத் தேதியில் கைக்கு வருகிறது, பெண் நடத்துநருக்கு ஓய்வறை உண்டா என்றும் கேட்கட்டும். ஆட்சியில் எந்தக் கட்சி இருந்தாலும் இக்கேள்விகள் சங்கடமானவையே. சங்கடம் தராத கேள்வியைக் கேட்கப் பழகுவதற்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை.

புதன்கிழமை ஆமையிழஞ்சான் ஓடை. 2024 ஜூலை 13 அன்று, தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் செல்லும் ஓடையில் குப்பையை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டார். இரு நாட்களுக்குப் பிறகு, ஜூலை 15 அன்று, அவர் உடல் கிழக்கேகோட்டைக்கு அருகே தகரப்பறம்புப் பகுதியில் கிடைத்தது. ஓடையைத் தூய்மை செய்யும் பொறுப்பு ரயில்வேக்கா, மாநகராட்சிக்கா என்று அதன்பின் வாதம் நடந்தது. பாதுகாப்பான தொலைவில் நின்று அந்த ஓடையைப் பார்க்கும் ஏழாம் வகுப்பு மாணவருக்கு நெகிழி ஏன் மக்குவதில்லை என்பது அறிவியல் பாடம். நகரத்தின் கழிவு எங்கே செல்கிறது என்பது புவியியல் பாடம். நிரந்தரப் பணி ஏன் ஒப்பந்தப் பணியாகிறது, உயிருக்கு ஆபத்தான துப்புரவைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் மனிதர் ஏன் இறங்க நேர்கிறது, பெரும்பாலும் எந்தச் சமூகத்தினர் இறங்குகின்றனர் என்பவை சமூக அறிவியல் பாடம். குப்பையைப் பிரித்துப் போடு என்று குழந்தைக்கு அறிவுரை சொல்லும் சுவரொட்டிகள் நம் பள்ளிகளில் நிறைய உள்ளன. அந்தக் குப்பையை எடுப்பவர் யார் என்று சொல்லும் சுவரொட்டி அரிது.

வியாழக்கிழமை கோட்டையும் கோயில் வீதிகளும். பத்மதீர்த்தக் குளத்தின் அருகே, மணிக்கொரு முறை இரண்டு ஆட்டுக்கடாக்கள் ஒரு தாடிக்காரரின் கன்னத்தில் முட்டும் மேத்தன் மணியைப் பார்த்துக் குழந்தைகள் மகிழட்டும். அதன் பல்சக்கரங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்று கேட்கட்டும். பின்னர், இந்த வீதிகளில் யார் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் விதி இருந்ததை ஆசிரியர் சொல்ல வேண்டும். 1893இல் வெங்ஙானூரில் வில்வண்டி ஏறிப் பொதுச் சாலையில் சென்ற அய்யன்காளியின் கதை அங்கே சொல்லப்பட வேண்டும். கோயில் நுழைவுப் பிரகடனம் 1936 நவம்பர் 12 அன்று வந்தது. அதற்கு முன் எத்தனை பேர் அடிபட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அரசரின் கருணை என்ற பாடம் மக்களின் போராட்டம் என்று திருத்தம் பெறும்.

வெள்ளிக்கிழமை வகுப்பறை. நான்கு நாட்களில் கண்டதை எழுத வேண்டும், வரைய வேண்டும், கணக்கிட வேண்டும், விவாதிக்க வேண்டும். இந்த ஐந்தாம் நாளே மிக முக்கியமானது. பார்த்தது எழுத்தாக மாறாவிட்டால் அது சுற்றுலா. சுமைக்கூலியை அட்டவணையாக்கத் தெரியாத குழந்தைக்கு அதைக் கற்றுக் கொடுக்க வேண்டும். வாக்கியம் அமைக்கத் தடுமாறும் குழந்தையின் அருகில் ஆசிரியர் உட்கார வேண்டும். செயல்பாட்டின் பெயரால் எழுத்தும் எண்ணும் கைவிடப்பட்டால் இழப்பு ஏழைக் குழந்தைக்கே. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மாலையில் தனிப்பயிற்சி உண்டு. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு இடமில்லை.

கை உழைப்பும் கல்வியும்: மூன்று பழைய பாடங்கள்

கை உழைப்பைக் கல்வியோடு இணைக்கும் எண்ணம் 2020இல் பிறந்ததன்று. முதலாம் அகிலத்தின் 1866 ஜெனீவா மாநாட்டுக்காக மார்க்ஸ் வகுத்தளித்த குறிப்புகளில், மனக்கல்வி, உடற்கல்வி, உற்பத்தியின் பொது அறிவியல் அடிப்படைகளைக் கற்பிக்கும் பல்தொழில்நுட்பக் கல்வி ஆகிய மூன்றும் இணைந்திருக்க வேண்டும் என்ற கருத்து உண்டு. ஒரு தொழிலில் குழந்தையைப் பூட்டுவது அதன் நோக்கமன்று. எல்லாத் தொழில்களுக்கும் அடிப்படையான அறிவியலைத் தொழிலாளியின் பிள்ளைக்குத் திறந்துவிடுவதே நோக்கம். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாடு காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டத்துக்கு வடிவம் கொடுத்தது. கைத்தொழிலை மையமாகக் கொண்ட அத்திட்டத்தில் உழைப்புக்கு மதிப்பு இருந்தது. சாதியும் சொத்தும் தொழிலைத் தீர்மானிக்கும் சமூகத்தை அது எவ்வாறு மாற்றும் என்ற கேள்வி நிறைவான விடை பெறவில்லை.

மூன்றாவது பாடம் தமிழ்நாட்டின் சொந்த அனுபவம். 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டனர். பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் கம்யூனிஸ்டுகளும் எதிர்த்து நின்றனர். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராசர் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. தொழில் கற்பதில் என்ன தவறு என்று அன்றும் கேட்டார்கள். குயவர் மகனுக்கு மட்டும் சக்கரமும் வழக்குரைஞர் மகனுக்கு மட்டும் புத்தகமும் என்று ஆகிவிடும் என்பதே தவறு.

அந்த அச்சம் இன்று காலாவதியாகிவிடவில்லை. 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிஎம் விஸ்வகர்மா திட்டம் பதினெட்டு மரபுத் தொழில்களைப் பட்டியலிட்டது. விண்ணப்பதாரரின் குடும்பம் அத்தொழிலை மரபுவழியாகச் செய்து வர வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கும்படியும், குறைந்தபட்ச வயதை 18லிருந்து 35 ஆக உயர்த்தும்படியும் தமிழ்நாடு அரசு கோரியது. பதினெட்டு வயதில் கல்லூரிக்குச் செல்ல வேண்டிய இளைஞருக்குத் தந்தையின் உளியை நீட்டும் அரசு, பன்னிரண்டு வயதுச் சிறுவரைத் தச்சுப் பட்டறைக்கு அனுப்பும்போது நாம் விழிப்போடு இருப்பது நியாயமே.

அய்யன்காளி இதற்கு நேர்மாறான வழியைக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சமி என்ற புலையர் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அவர் அழைத்துச் சென்றபோது, ஆதிக்க சாதியினர் பள்ளிக்குத் தீ வைத்தனர். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லையென்றால் உங்கள் வயலில் எங்களுக்கு வேலை இல்லை என்று திருவிதாங்கூரின் விவசாயத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அந்தப் பள்ளிக்கு 2022இல் அய்யன்காளி, பஞ்சமி ஆகியோரின் பெயர் சூட்டப்பட்டது. வயலிலிருந்து வகுப்பறைக்குச் செல்லும் உரிமைக்காக நடந்த போராட்டம் அது. உழைப்பை மதித்தவர்களே தம் பிள்ளைகளை அடிமை உழைப்பிலிருந்து மீட்க விரும்பினார்கள்.

செயல்பாட்டின் செலவு யார் தலையில்?

செயல்வழிக் கல்வியைப் பற்றிப் பேசும்போது நாம் மறக்கும் இன்னொன்று, அதன் செலவு. ஒப்படைவு, மாதிரி, விளக்கப்படம் என்று கேட்கப்படும் ஒவ்வொன்றுக்கும் அட்டை, வண்ணம், பசை, அச்சுப்படி தேவை. தமிழ்நாட்டில் 2012இல் நடைமுறைக்கு வந்த முப்பருவ முறையில், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டின்கீழ் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கப்பட்டது. நோக்கம் நல்லது. ஆனால் பல வீடுகளில் அது இரவு பத்து மணிக்குத் தாய் அட்டை வெட்டும் வேலையாகவும், கடையில் ஆயத்தமாக விற்கும் படத்தை வாங்கி ஒட்டும் செலவாகவும் மாறியது. நாள் கூலி வாங்கும் குடும்பத்துக்கு இருபது ரூபாயும் செலவே. கொண்டுவராத குழந்தை வகுப்பில் எழுந்து நிற்கிறது. செயல்பாடு அங்கே வர்க்கத்தை அடையாளம் காட்டும் கருவியாகிவிடுகிறது.

வீட்டு வேலையையும் இங்கே சேர்த்துப் பேச வேண்டும். கேரளத்தில் 2024இல் வெளியான மூன்றாம் வகுப்புப் பாடநூல் ஒன்றில், தந்தை சமையலறையில் தேங்காய் துருவும் படம் இடம்பெற்றுப் பாராட்டுப் பெற்றது. 2025 ஜூனில் பள்ளிகள் திறந்தபோது, முதல் இரு வாரங்களில் நாள்தோறும் ஒரு மணி நேரம் போதைப்பொருள் தீமை, சாலை விதி, தூய்மை, இணைய ஒழுக்கம் ஆகியவற்றுக்கு அங்கே ஒதுக்கப்பட்டது. தேவையான முயற்சிகளே இவை. இதே வரிசையில் உழைப்பும் ஊதியமும் சங்கம் சேரும் உரிமையும் பாடமாக வேண்டும்.

இவை அனைத்துக்கும் நிதி வேண்டும். அங்கேதான் ஒன்றிய அரசின் கை கழுத்தை நெரிக்கிறது. பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத காரணத்தால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2024-25ஆம் ஆண்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. கேரளம் 2025 அக்டோபரில் கையெழுத்திட்டு, இடது முன்னணிக்குள்ளிருந்தே எழுந்த எதிர்ப்புக்குப் பின் மேல்நடவடிக்கையை நிறுத்தி வைக்க முடிவு செய்தது. மக்களின் வரிப் பணத்தைக் காட்டி மாநிலங்களின் கல்விக் கொள்கையை விலை பேசுவது கூட்டாட்சிக்கு எதிரானது. அதே வேளையில், ஒன்றிய அரசைச் சுட்டிக்காட்டிவிட்டு மாநில அரசுகள் தம் கடமையிலிருந்து நழுவவும் கூடாது.

பள்ளியின் நிலமும் காக்கப்பட வேண்டும். கிழக்கேகோட்டையை ஒட்டிய அட்டக்குளங்கரையில், அரசுப் பள்ளி நிலத்தில் பேருந்து முனையமும் வணிக வளாகமும் கட்டும் திட்டம் எழுந்தபோது, கவிஞர் சுகதகுமாரி உள்ளிட்டோர் அதை எதிர்த்துப் போராடினர். நகரின் நடுவே உள்ள பள்ளி மைதானத்தைச் சதுர அடிக் கணக்கில் பார்க்கும் கண்கள் எந்த ஊரிலும் உண்டு. குழந்தைகள் ஓட இடமில்லாத பள்ளியில் செயல்வழிக் கல்வி என்பது தாளில் மட்டுமே இருக்கும்.

நாம் முன்வைக்க வேண்டியவை

புத்தகப் பை இல்லாத நாட்களைப் புறக்கணிப்பதைக் காட்டிலும், அவற்றின் உள்ளடக்கத்துக்காகப் போராடுவதே சரியான நிலைப்பாடாகும். சட்டப்படியான கலை, உடற்கல்வி, தொழிற்கல்விப் பயிற்றுநர்களை ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் நிரந்தரப் பணியில் நியமிக்க வேண்டும். செயல்பாட்டுக்கான பொருட்கள் அனைத்தையும் பள்ளியே வழங்க வேண்டும். பள்ளி நேரத்துக்குள்ளேயே செயல்பாடு முடிய வேண்டும். ஆசிரியருக்குச் சட்டம் வகுத்துள்ள வாரத்துக்கு 45 மணி நேரத்தில் பாட ஆயத்தமும் அடங்கும். பதிவேடு நிரப்புவதிலும் செயலியில் தரவு ஏற்றுவதிலும் அந்த நேரம் கரையக் கூடாது. எந்தக் குழந்தையும் தொழிற்பட்டறையில் உற்பத்தி வேலையில் ஈடுபடுத்தப்படலாகாது. குழந்தைகளுக்குக் கற்பிக்க வரும் தொழிலாளிக்கு அன்றைய கூலி வழங்கப்பட வேண்டும். சந்தை, பேருந்து நிலையம், ஓடை, தொழிற்சங்க அலுவலகம் ஆகியவை கற்றல் இடங்களாக ஏற்கப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகளைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களுக்கு நாம் கொண்டு செல்ல வேண்டும். சட்டப்படி அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். சுமைப்பணித் தொழிலாளியும் தூய்மைப் பணியாளரும் நடத்துநரும் அக்குழுவில் உட்கார்ந்து, தம் பிள்ளைகளின் வாரம் எப்படி அமைய வேண்டும் என்று பேசும் நிலை வர வேண்டும். ஆசிரியர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன்பே இந்தப் பணியைத் தத்தம் பகுதியில் தொடங்கட்டும்.